பொயின்ற்றுக்குச் சந்தனம்

"கார் எஞ்சின்ரை பொயின்ற்றுக்கு ஏன் மாமா சந்தனம் பூசினனீங்கள்?"

தொண்டைமானாறு போகும் பஸ்ஸில், தலைப்பாகையோடு நின்ற மாப்பிள்ளை கேட்டார். பக்கத்தில் நின்ற மாமாவின் பழைய கார் வாசலிலேயே ஸ்ராட் ஆகவில்லையாம்.

"நல்ல காரியமெண்டு கார் முழுக்கப் பொட்டு வைச்சனான். எஞ்சினிலை இருந்த சின்ன மூடியைக் கழட்டி, உள்ளுக்கிருந்த பொயின்ற்றுக்கும் ஒண்டு வைச்சன்."

"பொயின்ற்றிலை இருக்கிற ரெண்டு முனையும் தொட்டுத் தொட்டு விலகினால்தானே கொயில் எண்ட கம்பிச்சுருள் பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும்! நடுவிலை சந்தனம் நிண்டால் எப்பிடித் தொடுறது?"

"வடிவாத்தான் இருந்தது, தம்பி."

பஸ்ஸே சிரித்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்து மூக்கில் நின்றது.

"முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் கிடக்கு, மாமா!"

மாமா சந்தனக் கிண்ணத்தோடு முன்னுக்குப் போனார். சாரதி திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"ஐயா, என்ரை நெத்தியிலை எவ்வளவெண்டாலும் பூசுங்கோ! பஸ்ஸை மட்டும் தொடாதேங்கோ!"