கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறார் காதர் பாய்

— அறுபத்து மூணு வெள்ளி எம்பது காசு. எடுத்து வை தங்கராஜு.

— பாய், கடை ஷட்டரை இப்பத்தான் இறக்குனீங்க. பூட்டுகூட இன்னும் மாட்டல. அதுக்குள்ள கழுத்தைப் பிடிச்சா எப்படி?

— பூட்டை மாட்டிட்டா அப்புறம் நான் திரும்பி வரப்போறதில்ல லா. இன்னையோட இந்த பஸ்ஸு நின்னுச்சு. கிராஞ்சிக்குள்ள பஸ்ஸு இல்லன்னா காதர் மைதீனுக்குக் கடையும் இல்ல. தெம்பனிஸ்ல இருக்கிற வீட்டுலேருந்து டாக்சி பிடிச்சு வந்து ரொட்டியும் சோப்பும் வித்தா லாபம் எங்க நிக்கும்? ஃபிரிட்ஜை எடுக்க நாளைக்கு ஆள் வருது. எல்லாக் கடனும் வசூலாயிருச்சு, உன்னோடது மட்டும் பாக்கி. இதை விட்டுட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வருமா?

— தூக்கம் வரலன்னா பஸ்ஸுல ஏறிப் படுங்க பாய். நாங்க ஒரு மாசமா அங்கதான தூங்குறோம்.

— அந்தக் கூத்துக்குத்தான இந்தக் கடனே. உனக்கு நான் அரிசி பருப்பா குடுத்தேன்? அம்புட்டும் உனக்கும் உன் ரூம் பசங்களுக்கும் பஸ் கார்டுல ஏத்திவிட்ட காசு. 'ஆள் ஏறலன்னு நிறுத்துறாங்க பாய், காசு போட்டு விடுங்க, ஆளா ஏறிக் காட்டுறோம்'னு வந்து நின்னே. நானும் மண்டைய ஆட்டிட்டேன்.

— நீங்க மனு எழுதுனீங்களே, அது என்னாச்சு?

— எம்.பி.யை நாலு தடவை போய்ப் பாத்தேன் லா. நல்ல மனுஷன், உக்கார வெச்சுக் கேட்டாரு. மேலேருந்து பதில் வந்துச்சு. அந்தப் பக்கம் ஆள் குறைவு, அரசாங்கம் செலவைப் பாக்கணும், புரிஞ்சுக்குங்கன்னு.

— ஏன் குறைவுன்னு கேட்டீங்களா? நான் வந்த புதுசுல பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு. அப்புறம் இருபதாச்சு. அப்புறம் நாப்பது. நாப்பது நிமிஷம் வெயில்ல நின்னு பாத்தவன் நடந்தே போயிருவான். அவன் நடக்கிறதைப் பாத்துட்டு 'யாருமே ஏறல, நிறுத்து'ங்கிறாங்க. அரை அகப்பை சோத்தைப் போட்டுட்டு, மருமகனுக்குப் பசியே எடுக்கிறதில்லன்னு ஊரெல்லாம் சொல்ற மாமியார் மாதிரி.

— மாமியாரோட நிறுத்திக்க. அதுக்கு மேல பேசாத, நீ வேலை பர்மிட்டுல வந்தவன்.

— அதான் பாய், வாயே திறக்கல. நான் மனுல கையெழுத்துப் போட்டா கணக்குல வராது. பஸ்ஸுல ஏறிக் கார்டைத் தட்டுனா கணக்குல வரும். தட்டுனேன்.

— இங்க இருந்த கிளினிக்கை மூடுனப்பவே எனக்குத் தெரியும். ரயில் ஸ்டேஷன் பக்கம் பெருசா கட்டியிருக்கோம், அங்க போங்கன்னாங்க. இப்ப அங்க போற பஸ்ஸையும் எடுக்கிறாங்க. முழங்கால் வலிய டாக்டர்கிட்ட காட்டணும்னா முழங்கால் வலியோட நடக்கணும்.

— நான் மட்டும் என்னவாம்? மண்ணுக்குள்ள இறங்கி எம்ஆர்டி ரயிலுக்குக் குழி தோண்டுனவன் நான். அந்த ரயிலு ஊரெல்லாம் பறக்குது. ஞாயித்துக்கிழமை தேக்கா போய் ஒரு வாய் இலைச்சோறு திங்கணும்னா, அந்த ரயிலடிக்குப் போகவே எனக்கு வழியில்ல.

— ஞாயித்துக்கிழமை சரி. தினமும் சாயங்காலம் ஏறுனியே, அது எந்தச் சோத்துக்கு?

— உண்மையச் சொல்லட்டுமா? மொத நாள் நியாயத்துக்காகத்தான் ஏறுனேன். ரெண்டாம் நாள் ஏசிக்காக ஏறுனேன். ரூம்ல பன்னெண்டு பேரு பாய், வெங்கடேஷ் விடுற குறட்டையில கட்டிலு நகருது. பஸ்ஸுல அதே குறட்டை இஞ்சின் சத்தத்துல அடங்கிப் போகுது. இப்பல்லாம் பிரபாகர் தலகாணியோட வர்றான்.

— ஹூம். என் காசுல மெத்தை. அந்தா, வருது உங்க மெத்தை.

— உமாக்கா, கடைசி ட்ரிப்பு, ஒரு ஹாரன் அடிச்சுட்டு வரக்கூடாதா?

— மெதுவாப் பேசுங்கண்ணே, உள்ள பாதிப் பேரு தூங்குறாங்க. நான் பஸ்ஸு ஓட்டுறனா தொட்டில் ஆட்டுறனான்னு ஜொகூர்ல எங்கம்மா கேக்குது. அப்புறம், கடைசி ட்ரிப்புன்னு யாரு சொன்னா?

— கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே உமாமகேஸ்வரி. பெரிய எழுத்துல.

— கம்பத்தை இப்பப் பாருங்க மாமா. பசைதான் இருக்கு. மத்தியானமே வந்து கிழிச்சுட்டாங்க.

— மழையில விழுந்திருக்கும்.

— மழை எங்க பெஞ்சுது? போன வாரம் தலை எண்ண ஒரு ஆபீசர் ஏறுனாரு. இடமில்லாம வெங்கடேஷ் பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. மூணாவது ஸ்டாப்புல பாக்குறேன், வெங்கடேஷ் தோள்ல சாஞ்சு அவரும் தூங்குறாரு. பாவம், எழுப்ப மனசு வரல, ரெண்டு ரவுண்டு சுத்திக் கொண்டாந்தேன். எந்திரிச்சதும் கேக்குறாரு, 'இம்புட்டு கூட்டம் வர்ற பஸ்ஸை எவன் நிறுத்தச் சொன்னது'ன்னு.

— கேட்டீங்களா பாய்? வெங்கடேஷோட தோளு ஜெயிச்சிருச்சு.

— கதை விடாதீங்க லா ரெண்டு பேரும். எடுத்ததைத் திருப்பிக் குடுத்து இவங்கள நான் பாத்ததே இல்ல. கிளினிக் திரும்பி வந்துச்சா? விலகு, ஏறிக்கிறேன். காலு கடுக்குது.

— ஏற முடியாது மாமா. படி வரைக்கும் ஆளு.

— என்னது? இருபத்தாறு வருஷமா இந்த ஸ்டாப்புல ஏறுறேன். எனக்கு இடமில்லன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. எழுப்பு அந்தத் தலகாணிக்காரனை. அவன் தட்டுன கார்டுல இருக்கிறது என் காசு.

— யாரையும் எழுப்ப வேணாம். கூட்டம் தாங்கலன்னு இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து கூட ஒண்ணு விட்டிருக்காங்க. பத்து நிமிஷம் நில்லுங்க, அடுத்த பஸ்ஸு வரும்.

— என்ன சொன்னே?

— அடுத்த பஸ்ஸு வரும் மாமா.

— இன்னொரு தடவை சொல்லு.

— அலாமா, காதும் போச்சா? அடுத்த பஸ்ஸு வரும், அடுத்த பஸ்ஸு வரும். தள்ளி நில்லுங்க, கதவைச் சாத்துறேன்.

— பாய், பஸ்ஸு போயிருச்சு, இன்னும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. கோவமா? இந்தாங்க, அம்பது வெள்ளி இருக்கு. மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் குடுத்துர்றேன்.

— பாக்கெட்டுல வை லா. எந்தக் கடன், எந்த அறுபத்து மூணு எம்பது? அந்த ஷட்டரைத் தூக்கு மொதல்ல. அடுத்த பஸ்ஸு வர்றதுக்குள்ள ரெண்டு டீ போடலாம்.