ரிசப்ஷனுக்குச் செம்பருத்திக் கோட்டு

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் போனில் ஒரு துணியைக் காட்டினாள். கறுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் செம்பருத்திகள்.

"கோட்டு சூட்டு தைக்கிறேன்க்கா. முன்பக்கம் பூவு ஒண்ணா சேரணும்னா துணி ஒரு மீட்டர் கூட வேணுமாம்."

"மாப்பிள்ளைக்கு இவ்ளோ பூவாடீ?"

"எனக்குக்கா. ரிசப்ஷனுக்கு."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பொண்ணு கோட்டு மாட்டிகினு நிக்கிறதா! வேட்டியத் தவிர வேற கட்டாத மனுஷன் உங்கப்பா. அவருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?"

"தெரிஞ்சிபோச்சுக்கா. ரெண்டு நாளு பேசவே இல்ல. நேத்து டெய்லர் கடைக்கு அவரே வந்து, அதே துணில தனக்கும் ஒரு கோட்டுக்கு அளவு குடுத்தாரு."

"உங்கப்பாவா!"

"ஆமாக்கா. ஊரு சிரிச்சா ரெண்டு பேரையும் சேர்த்து சிரிக்கட்டும்னாரு."