ஒன்னரையா, ஒன்னு புள்ளி ஆறா?

அவசரமே இல்லண்ணே, மெதுவாவே போங்க. அந்த டிராக்டரை முந்தணும்னு ஒன்னும் இல்ல. அவரு பாவம், சோளக்கொல்லைக்குப் போறாரு, நாமளும் அவரு பின்னாலயே போவோம். சர்ச்சு எங்க ஓடிடப் போவுது? நூத்தி இருவது வருஷமா அங்கயேதான் நிக்குது.

கோட்டா? ஆமா, கோட்டுதான். ஒரு விசேஷம். அத விடுங்க.

உங்க லாரி மேல ஏத்தி வெச்சிருக்கிற என் காருக்கு என்ன ஆச்சுன்னுதானே கேட்டீங்க, சொல்றேன். ஒத்த வார்த்தையில சொல்ற சமாச்சாரம் இல்ல அது. ராக்கர் ஆர்ம் தெரியும்ல? என்னண்ணே, தினம் பத்து கார் தூக்குறீங்க, தெரியாதுங்கிறீங்க! தூக்குறது மட்டும்தான் உங்க வேலையா? சரி, அதுவும் நியாயம்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுறவரு ஆபரேஷனும் பண்ணணும்னு சொல்ல முடியாதுல்ல.

பார்க்குல பிள்ளைங்க சீசா ஆடும் பாருங்க, அதாண்ணே ராக்கர் ஆர்ம். எஞ்சினுக்குள்ள பதினாறு குட்டி சீசா. ஒரு பக்கம் கீழேருந்து ஒரு கம்பி வந்து தள்ளும், அதுக்குப் பேரு புஷ்ராடு. மறுபக்கம் வால்வை அமுக்கித் திறக்கும். இந்தப் பக்கம் ஒரு பங்கு ஏறினா அந்தப் பக்கம் ஒன்னரைப் பங்கு இறங்கும். அது ஒன்னரை ரேஷியோ. கம்பெனிலேருந்து வர்றப்பவே அப்படித்தான் வரும். அத எடுத்துட்டு ஒன்னு புள்ளி ஆறு போட்டா வால்வு இன்னும் கொஞ்சம் தொறக்கும். காத்து நெறையப் போவும், புகை சீக்கிரம் வெளிய வரும், வண்டி சீறும். எவ்வளவு கொஞ்சமா? விசிட்டிங் கார்டு ரெண்டு மூணு அடுக்குனா என்ன கனமோ அவ்வளவுதான். சிரிக்காதீங்க. அந்த ரெண்டு கார்டுக்காக இந்த இண்டியானாவுல அண்ணந்தம்பி பேசாம இருக்கான்.

என் கார் எழுபத்தொன்னாம் வருஷத்துது. மேல ஏத்துறப்பவே பாத்திருப்பீங்க, முன்னூத்தம்பது கன அங்குல எஞ்சினு. போன வருஷம் அத புதுசாக் கட்டலாம்னு, வால்வெல்லாம் உக்காந்திருக்கிற மேல் பாகம், அந்த ஹெட்டு ரெண்டையும் கழட்டி எடுத்துக்கிட்டு டீட்ஸ் பட்டறைக்குப் போனேன். அங்க ஒரு அம்மா, மார்லான்னு பேரு, அவங்கதான் ஓனரு. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திவிட்டுக்கிட்டு, ஹெட்டைத் தடவிப் பாத்துட்டு, என்ன ரேஷியோ போடப் போறீங்கன்னு கேட்டாங்க. நான் உடனே, ஒன்னு புள்ளி ஆறுன்னேன். ஏன்னு கேட்டாங்க. வெர்ன் சொன்னான்னேன்.

வெர்னா? என்கூட தானியக் கிடங்குல வேலை பாக்குறவன். அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அதாவது, எதுவுமே தெரியாதுங்கிறதத் தவிர.

அந்தம்மா வெர்ன் யாருன்னுகூடக் கேக்கல. எங்கிட்டதான் கேள்வி கேட்டாங்க. பின் ஆக்சில்ல என்ன பல்லு? கியர்பாக்ஸ் என்ன? எவ்வளவு வேகம் சுத்த விடுவ? கார் எதுக்கு? நான் பதில் சொன்னேன். வேலைக்குப் போவ, சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவ, எப்பயாவது சிக்னல்ல எவனாவது மொறச்சா பதிலுக்கு மொறைக்க. அவங்க ஹெட்டைத் திருப்பிக் காட்டுனாங்க. இந்தா பாரு, பழைய ஹெட்டு, புஷ்ராடு போற ஓட்டை சின்னது. நீ சொல்றதப் போட்டா கம்பி சாஞ்சு ஓரத்துல ஒரசும். அப்ப ஓட்டையை நீட்டி அறுக்கணும். ஸ்பிரிங்க மாத்தணும். இவ்வளவும் யாருக்கு? சோள மூட்டை கணக்கெழுதப் போறவனுக்கா? ஒன்னரை போடு, போ-ன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, என் காரைப் பத்தி அதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட நாலு கேள்வி கேட்டதே இல்லண்ணே. என்னைப் பத்தியும்தான்.

அப்பறம் அடிக்கடி போனேன். ராக்கரை மூடுற வால்வு கவருக்கு ஒரு கேஸ்கட் வேணும்னு போவேன். மறு வாரம் இன்னொன்னு. வீட்டுல ஒம்பது கேஸ்கட் இருக்கு, கார்ல ரெண்டுதான் போட முடியும். ஒருநா பாத்தா பிஸ்டன் மேல சின்னப் பிள்ளைங்க விளையாடுற பச்சைக் களிமண்ண ஒட்டி வெச்சு, எஞ்சினைக் கையால சுத்தி, கழட்டி, அந்தக் களிமண்ணக் கத்தியால ரெண்டா வெட்டி அளக்குறா. வால்வு வந்து பிஸ்டன்ல இடிக்குமா இடிக்காதான்னு பாக்குறதுக்கு. நாக்க லேசா வெளிய நீட்டிக்கிட்டு அளந்தா பாருங்க... 

என்ன? மொதல்ல அவங்க-ன்னு சொன்னேன், இப்ப அவ-ன்னு சொல்றேனா?

நல்லாத்தான் கவனிக்கிறீங்கண்ணே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

சரி, சொல்லிடறேன். ஆமா, அவதான். அவளுக்கும் எனக்கும்தான். இன்னைக்குத்தான், பதினோரு மணிக்கு. மணி பத்தே முக்காலா ஆயிடுச்சு? பரவால்ல, நீங்க மெதுவாவே போங்க. அட, ஏன் மிதிக்கிறீங்க? சொன்னாக் கேளுங்கண்ணே! டிராக்டருக்குப் பின்னாலயே!

கேட்டதும் பட்டறையிலதான் கேட்டேன். அவ என் எஞ்சினுக்கு ராக்கர் நட்டு முறுக்கிட்டிருந்தா. முட்டி போட்டுக் கேட்டேன், எண்ணெயில வழுக்கி ரெண்டு முட்டியும் போட்டாப்ல ஆயிடுச்சு. இரு, சுத்து எண்ணிட்டிருக்கேன்னா. நானும் இருந்தேன். பதினாறு நட்டு, ஒவ்வொன்னும் அரைச் சுத்து. முட்டி ரெண்டும் போச்சு. பதினாறும் முடிச்சு, கவரைப் போட்டு மூடி, கையைத் துடைச்சுட்டு, சரின்னா.

அதோட ஒன்னே ஒன்னு சொன்னா. அவ மொத புருஷன் மூணு தடவை எண்ணெய் மாத்திட்டேன் மாத்திட்டேன்னு சொல்லிக்கிட்டே பதினோராயிரம் மைல் ஓட்டுனவனாம். எண்ணெய் வடிச்சப்ப தாரு மாதிரி வந்துச்சாம். அவன் வேற பொண்ணோட போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கோவம் இருந்திருக்காது, மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னான் பாருன்னா. இந்தக் கவரைத் தொறக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுத் தொறன்னா. அவ்வளவுதான் கேட்டா. அடுத்த வாரமே எஞ்சினைக் கார்ல ஏத்தி ஓட விட்டா, பூனை தூங்குற மாதிரி ஒரு சத்தம்ணே. கல்யாணத்தன்னைக்கு இதுலயே வா, வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன்னா. மத்த பொண்ணுங்க மாப்பிள்ளைய எட்டிப் பாப்பாங்க, இவ காது குடுத்துக் கேப்பா.

இப்ப வெர்ன் வர்றான்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடையில, ஆறு பேர் நடுவுல, பன்றி இறைச்சி சாண்ட்விச்ச வாய்ல வெச்சுக்கிட்டு கேக்குறான். ஏண்டா லைல், உன் ரேஷியோவை அவ முடிவு பண்ணிட்டா, உன் சாக்ஸையும் அவதான் எடுத்து வெக்கப் போறாளா? எல்லாரும் சிரிச்சாங்க. பரிமாறுற பொண்ணுகூட சிரிச்சுச்சு. சிரிச்சுட்டுப் போறாங்கன்னு விட்டிருக்கலாம். விட்டேனா? அம்பத்திரண்டு வயசு எனக்கு. வியாழக்கிழமை மார்லா கவுனு அளவு பாக்கப் போன நேரமாப் பாத்து, ஒரு பெட்டி ஒன்னு புள்ளி ஆறு வாங்கியாந்து, வெர்னைக் கூட்டிக்கிட்டு, கவரைத் தொறந்துட்டேன்.

எப்படி இருந்துச்சா? எப்படியும் இல்லண்ணே! பதினாறையும் மாத்திட்டு, வெர்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, கவுண்டி எல்லை வரைக்கும் போனோம். அவன் சீட்டுல சாஞ்சுக்கிட்டு, ஆகா, ஆகா, முதுகுல தள்ளுது பாருடாங்கிறான். நான் இன்னும் ஆக்சிலேட்டர்லயே கால் வெக்கலண்ணே. இறக்கத்துல உருண்டுக்கிட்டிருக்கோம்.

வித்தியாசம்னு ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சு. டிக்கு. டிக்கு டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். அவ சொன்னாளே, கம்பி ஓரத்துல ஒரசும்னு, அதேதான். நூறு அடி தள்ளி நின்னாலும் கேக்கும். அவ காதுக்கு அடுத்த ஊர்ல நின்னாலும் கேக்கும்.

திருப்பிப் போட்டிருக்கலாம்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா? நேத்து காலையில வெர்ன் வீட்டுக்கு ஓடுனேன். பழைய பதினாறையும் அவன்தான் பத்திரமா வெக்கிறேன்னு எடுத்துட்டுப் போயிருந்தான். எங்கடான்னேன். தன் பிக்கப்பைக் காட்டுறான். என்னடான்னேன். அதுக்குள்ள போட்டுட்டேங்கிறான்! ஒன்னரைதாண்டா சுகம், மெதுவாப் போறப்ப இழுவை நல்லா இருக்குங்கிறான். எட்டு வருஷமா அந்த ஆளு எங்கிட்ட ஒன்னு புள்ளி ஆறு, ஒன்னு புள்ளி ஆறுன்னு ஓதுனவன்! கழட்டிக் குடுடான்னா, எஞ்சினு சூடா இருக்கு, ஞாயித்துக்கிழமை வா-ங்கிறான். ஞாயித்துக்கிழமை நான் தேனிலவுக்கு நயாகராவுல இருக்கணும்ணே. இல்லன்னா ஆஸ்பத்திரியில.

ஏண்ணே ஓரம் கட்டுறீங்க?

வேணாம், வேணாம். இறங்காதீங்க. கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு உதவின்னு நெனைக்கிறது நல்ல மனசுதான், ஆனா பானெட்ட ஒன்னும் தொறந்து பாக்க வேணாம். கம்பி வளஞ்சிருச்சா? இல்லண்ணே. ஸ்பிரிங்கு? அதுவும் நல்லாத்தான் இருக்கு. அப்ப என்னதான் போச்சா? 

ஒன்னும் போகல. கார் ஓடும். முதல் திருப்புலயே ஓடும். வீட்டுலேருந்து நான்தான் ஓட்டிட்டு வந்து, அந்தக் கிடங்கு முனையில நிறுத்திட்டு, உங்களுக்குப் போன் போட்டேன். உங்க வண்டி மேல படுத்துக்கிட்டு வந்தா டிக்குன்னு கேக்காதுல்ல? ஸ்டார்ட் ஆவலன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். 

சிரிங்க, சிரிங்க. கண்ணத் தொடச்சுக்கோங்க.

என்ன சொல்றீங்க? அவ வந்து பானெட்டத் தொறந்தா?... வெள்ளைக் கவுனோடயா? சர்ச்சு வாசல்லயா, பாதிரியார் முன்னாடியா? 

தொறப்பா. கவுனை இடுப்புல சொருகிக்கிட்டுத் தொறப்பா. யாராவது ஒரு ஸ்பேனர் குடுங்கன்னு கூட்டத்தைப் பாத்துக் கேப்பா. வெர்ன் கொண்டாந்து குடுப்பான். ஒரே பார்வையில தெரிஞ்சுடும். அப்ப சொல்லாமக் கவரைத் தொறந்தது ஒன்னு, ஸ்டார்ட் ஆவலன்னு பொய் சொன்னது ரெண்டு. மூணு நாளா இதத்தாண்ணே நெஞ்சுல வெச்சு உருட்டிக்கிட்டிருக்கேன், இப்ப ரெண்டாவதா ஒன்னையும் சேத்துக்கிட்டுப் போறேன் பாருங்க.

இங்கேருந்து எவ்வளவு இருக்கும்? ரெண்டு மைலா? தாங்கும்.

இறக்குங்கண்ணே காரை. ஆமா, இங்கயேதான். சர்ச்சு வரைக்கும் உள்ள காசை வாங்கிக்கோங்க, அதப் பத்தி இல்ல. கண்ணாடிய இறக்கிவிட்டு, நேரா வாசப்படிக்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போறேன். நிறுத்தி, எஞ்சினை அணைக்காமயே இறங்குறேன். மொதல்ல அது சொல்லட்டும், மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்.

நீங்க மட்டும் ஒரு அம்பது அடி தள்ளிப் பின்னாலயே வாங்கண்ணே. கல்யாணம் நடந்துச்சுன்னா கேக்கு சாப்பிட்டுப் போலாம். நடக்கலன்னா, காரை அவ பட்டறையில விட்டுட்டு, என்னையத்தான் ஏத்திக்கிட்டுப் போவணும்.