குடைக்காரனுக்கு வாயில்லை

பாம்... பாம்... பாஆஆம்!

மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வந்த கம்பெனி பஸ், பிள்ளைப்பாக்கம் பெண்கள் விடுதி வாசலில் நின்று அலறியது. சந்திரலேகா ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடிவந்து ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் ஜன்னலோரமாக விழுந்தாள். பக்கத்து இடத்தில் பையைப் போட்டாள். போன் அடித்தது. கனிஷ்கா. போன பொங்கல் வரை இதே விடுதியில் அடுத்த கட்டில். இப்போது சங்கரன்கோவிலில் பெற்றோர் வீட்டில்.

“ஹலோ... ஹலோ... ஆமாட்டி, ஏறிட்டேன்... அந்த ஹாரனா? நம்ம கன்னியப்பன் அண்ணன்தான். ‘இன்னாம்மா, கல்யாணத்துக்கா போறே, இம்மா நேரம்’னு கத்துதாரு... கத்தட்டும். நீ சத்தமா பேசு, ஒரே இரைச்சல்... ஏய், என் காதுக்கு ஒண்ணுமில்ல. போன வாரம்தான் கம்பெனிக்கு டெஸ்ட் வண்டி வந்து எல்லார் காதையும் பாத்தாவ. எனக்கு ரெண்டும் பாஸு. பிரஸ் ஷாப் பயலுவதான் பாவம், பாதிப் பேரு பெயிலு. நாள் பூரா தகட்டை டமார் டமார்னு அடிச்சா என்னத்துக்கு ஆகும்?

...பிரவீனா, அங்க உக்காராத, ஆள் வருது... வருதுன்னா வருது. பின்னால எவ்வளவு இடம் கிடக்கு, போ... உன்னை இல்ல கனி, புதுசா சேந்த பிள்ளை... யாருக்கா? ஒரு ஆளுக்கு. வடக்குப்பட்டு ஸ்டாப்புல ஏறும். ஒரு விஷயம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கு... அதை அப்புறம் சொல்லுதேன். நீ சொல்லு.

பாத்தேன். நீ சொன்ன அந்த ஜப்பான் சீரியலைக் கடைசி எபிசோட் வரைக்கும் பாத்துட்டேன்... நல்லாவா? ஏட்டி, ஊருக்குப் போனதுல உன் மூளை உருகிட்டா? ஆமா, அவனேதான் ஹீரோ, நம்ம குடைக்காரன். பேரு வாயில நுழையலன்னு நாமதான அப்படிப் பேரு வச்சோம். பேக்கரி கதையிலயும் குடை பிடிச்சான், ஆஸ்பத்திரி கதையிலயும் பிடிச்சான், இதுலயும் பிடிக்கான். ஜப்பான்ல வெயிலே அடிக்காதோ?

நடிப்பா? எதுட்டி நடிப்பு? நெத்தியில முடி தொங்குது. முடிக்குள்ள கண்ணு. கண்ணுக்குள்ள தண்ணி. தீந்துச்சு நடிப்பு. பேக்கரி கதையில ஸ்கூல் பையன். அடுத்த வருஷமே ஆஸ்பத்திரி கதையில இருதயத்தை அறுக்கிற டாக்டர். மீசை முளைக்கல, அதுக்குள்ள டாக்டர்!... சரி, சரி, அழகுதான், யாரு இல்லைன்னா? ஷாம்பு விளம்பரத்துக்கு அழகு. நம்ம பிளாண்டுக்கு வார ஜப்பான் சார் அத்தனை பேருக்கும் வழுக்கை. அந்த நாட்டுல முடி இருக்கவன் எல்லாம் டிவிக்குப் போயிட்டான் போல...

சிரிக்காத. எனக்கு எரியுது.

...ஏன்னா, பத்து எபிசோட்டி! பத்து எபிசோடும் வாயத் தொறக்க மாட்டான். ஹீரோயின் ரயில்ல பக்கத்துல உக்காந்து, ‘உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு’ங்கா. இவன் ஜன்னலைப் பாக்கான். பின்னால பியானோ வாசிக்கான் ஒருத்தன். நீ என்ன சொல்லுவ? ‘லேகா, என்னா ஆழம் பாத்தியா’ம்ப. ஆழமும் இல்ல, கிணறும் இல்ல. பேசத் தெரியாத சவம் அது... ஆமா, கடைசியில ஓடுதான். நானும் பாத்தேன். ரயிலடி வரைக்கும் ஓடுதான். ஏன், பையில போன் இல்லையா? ஆட்டோ கிடைக்கலையா? பத்து வாரம் சும்மா இருந்துட்டு கடைசி அஞ்சு நிமிஷத்துல ஓடுனா நாம கைதட்டணுமாக்கும்.

ம்... ம்... அந்த ரெண்டாவது பொண்ணா? அவ பேச்சையே எடுக்காத. எல்லாக் கதையிலயும் இப்படி ஒருத்தியைப் போட்டுருதாவ. குட்டை முடி, நல்ல மனசு. ‘நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாப் போதும்’னு குனிஞ்சு கும்பிடுவா. அப்புறம் தெருமுனையில அந்த கூல்டிரிங்ஸ் மெஷின் பக்கத்துல நின்னு மூக்கை உறிஞ்சுவா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா? எனக்கும் அவன் வேணும்னு சொன்னா என்ன? அவளைக் கண்டா நாலு அறை விடணும்னு வருது எனக்கு.

...அந்தப் பட்டறை சீனா? அது இன்னும் கொடுமை. இந்தக் கதையில குடைக்காரன் மெக்கானிக்காம். ஓவராலைப் பாத்தியா, இஸ்திரி மடிப்பு கலையல. நகத்துல ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. வேல்ராஜ் நகத்தைப் பாத்தா தெரியும் எது வேலைன்னு...

...இல்ல, சும்மா சொன்னேன். பிரஸ் ஷாப் பயலுவளைச் சொன்னேன்... ஏன், அவன் பேரைச் சொன்னா உனக்கென்ன? ஏன் ஒரு மாதிரிப் பேசுத?

...

யாரு?... எங்க, உங்க வீட்டுக்கா?... வேல்ராஜ் அம்மாவா?... ஓ. உங்க அத்தை வழியில சொந்தமா. எனக்கு இது தெரியாதே... எப்போ?... ஞாயித்துக்கிழமையா. பொண்ணு பாக்கவா. ம்... அவன் என்ன சொன்னானாம்?... தலையாட்டுனானா! வாயத் தொறந்து சொல்லலையா? அதான பாத்தேன்.

இல்லட்டி. நான் ஏன் கோவப்படணும்? கேக்கு, கேக்கு, சொல்லு... ம்... ம்...

...எனக்கும் அவனுக்குமா? நடுவுல என்ன இருக்கு, ஒண்ணுமில்ல... டீ வாங்கி வச்சான், ஆமா. லைன்ல இருக்க பாதிப் பேருக்கு அவன்தான் டீ வாங்குவான்... சத்தியமா எல்லாம் கேக்காத, பஸ்ல ஆளுக இருக்கு... 

...மழையன்னைக்கா? அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா நீ?... ஹாஸ்டலுக்கு வந்து தனியா சிரிச்சேனா? சிரிச்சிருப்பேன். சரி, ஒளிக்கல, கேட்டுக்கோ. செம்பரம்பாக்கம் ஏரியைத் தொறக்கப் போறாவன்னு எல்லாரையும் சீக்கிரமா அனுப்புனாவள்ளா, அன்னைக்கு. பஸ்ல நிக்க இடமில்ல. இதே சீட்டு. ஜன்னலோரம் அவன், இந்தப் பக்கம் நான். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்லிட்டேன்... என்னத்தையா? என்னத்தைச் சொல்லுவாவ. அதைத்தான்.

அவனா? ஜன்னலைப் பாத்துட்டு வந்தான். வடக்குப்பட்டு வரைக்கும் ஒரு சொல்லு இல்ல. இறங்கும்போது குடையை என் கையில குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போனான். நானும் கூமுட்டை மாதிரி, ஆகா நமக்கும் ஒரு குடைக்காரன்னு ஹாஸ்டல் படியேறி வந்தேன். கடைசி எபிசோடுக்குக் காத்துக்கிட்டு கிடந்தேன். எவனாவது ஓடி வருவான்னு...

...இல்ல, அப்புறம் நானும் கேக்கல, அவனும் சொல்லல. சொல்லலைன்னா வேண்டாம்னுதான அர்த்தம்? பிடிக்கல. அவ்வளவுதான். ஒரு பொண்ணு வாய்விட்டுச் சொல்லி பதில் வரலைன்னா அதுக்கு மேல என்ன இருக்கு?

ஏட்டி, அதெல்லாம் வேண்டாம்! எனக்காக நீ ஒண்ணும் அவனை வேண்டாம்னு சொல்லாத... சொல்லக் கூடாது. அப்பா முகத்துக்கு நேரா போய் என்னன்னு சொல்லுவ?... உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா? அதைச் சொல்லு முதல்ல... ம்... ம். எனக்குத் தெரியும். வெல்டிங் லைன்ல நின்னுக்கிட்டு நீ அவனைத் திரும்பித் திரும்பிப் பாக்கும்போது, ஏதோ கனவு காணுதன்னு நெனச்சேன்.

...நானா? ரெண்டாவது பொண்ணா? ஏட்டி, போ! நான் என்னைக்கு யாருக்குக் குனிஞ்சு கும்பிட்டேன்? எங்க லைன்ல கூல்டிரிங்ஸ் மெஷினே கிடையாது, இருந்ததும் ரிப்பேரு. அழணும்னாலும் இடமில்ல.

...குரல் சரியாத்தான் இருக்கு. வேகத்தடையில ஏறி இறங்குது பஸ்ஸு... ஆமா, நேரா உனக்குச் சொல்லுதேன்: அவனுக்கு என்னைப் பிடிக்கல, எனக்கும் இப்ப ஒண்ணும் கிடையாது. சரின்னு சொல்லு. நல்ல பச்சைப் புடவையா கட்டு, அந்த மஞ்சள் உனக்குச் சேராது.

...அந்த சீட்டா? எந்த சீட்டு?... ஓ. அது வேற ஆளுக்குப் பிடிச்சது...

அண்ணே, வடக்குப்பட்டு ஸ்டாப்பு வந்துட்டா? நிறுத்தாம போனா என்னண்ணே... இல்ல, சும்மாதான் கேட்டேன், நிறுத்துங்க. ஆள் நிக்கி.

பிரவீனா! ஏ பிரவீனா! இங்க வா. உக்காரு... வரல, அந்த ஆள் வரல. பையை மடியில வச்சுக்கிடுதேன், நீ நல்லா உள்ள தள்ளி உக்காரு. இடமே இல்லாத மாதிரி உக்காரு...

கனி, லைன்ல இருக்கியா?... நீ எதுக்குட்டி இப்ப மூக்கை உறிஞ்சுத? சவத்த விடு. நான் போனை வைக்கணும், ஏறுதான்... ஒண்ணு மட்டும் மறந்துராத. ஞாயித்துக்கிழமை நீ எது சொன்னாலும் அவனுக்கு வலது பக்கமா உக்காந்து சொல்லு. அன்னைக்கு நான் உக்காந்திருந்த பக்கத்துக் காது அவனுக்குக் கேக்காது.”