பல்லக்கா மீது நான் எழுதிய புகார்

மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, பேருந்தை ஓரங்கட்டிவிட்டு அழுக்குச் சட்டையோடு ஓடி வந்திருக்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, பட்டறைத் தோழர்களே, முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் பல்லக்காவின் கணவரே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் நம் பணிமனை மருத்துவமனையின் பல் பிரிவுத் தலைமைச் செவிலியரான பல்லக்காவைத் தெய்வம் என்றார்கள், தியாகி என்றார்கள். பல் மருத்துவனாகப் பதினாறு ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். எனக்கு அழுகை வரவில்லை ஐயா, ஆத்திரம்தான் வருகிறது! காய்ச்சல் என்று படுத்தவர் பத்தாம் நாள் போய்விட்டார். அவர் உயிரோடு இருந்தபோது இந்த நல்ல வார்த்தைகளில் ஒன்றையாவது அவர் காதில் போட்டோமா?

அவர் அப்படி என்ன கேட்டுவிட்டார்? பல்லில் இறுகிய காரையை எடுத்துச் சுத்தம் செய்ய இன்னொரு நாற்காலி கேட்டார். ஒரு நோயாளிக்கு நான்கு நிமிடம் போதாது, பத்து நிமிடம் வேண்டும் என்றார். நிர்வாகம் என்ன பதில் எழுதியது தெரியுமா? ‘ஈறு நோய் அவசரச் சிகிச்சையில் சேராது.’ சேராதாம்! வலிக்காமல் வருகிற நோய் அது. ஈறு சிவக்கும், வீங்கும், வாய் நாறும், பல் நீண்டது போலத் தெரியும். வலிக்கிறது என்று நீங்கள் ஓடிவரும்போது உள்ளே எலும்பு கரைந்திருக்கும். கரைந்த எலும்பு தானாக வளருமா?

நாற்காலி கிடைக்கவில்லை என்று அவர் சும்மா இருந்தாரா? பணிமனை வாசலில் போய் நின்றார். காலை முறை வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: “தம்பி, பல் தேய்ச்சுத் துப்பினா சிவப்பா வருதா?”

“வருதுக்கா. அதான் அந்தப் பக்கம் பிரஷே வைக்கிறதில்ல.”

“நல்லா இருக்கே! அழுக்கு இருக்கிற இடத்தை விட்டுட்டு மத்த இடத்தைப் பெருக்குவீங்களா? அங்கதான்யா தேய்க்கணும். மெத்துன்னு இருக்கிற பிரஷால, மெதுவா. காலையில ஒரு தரம், படுக்கப் போறப்ப ஒரு தரம். பல் இடுக்குல நூல் விட்டு எடுக்கணும். ரெண்டு வாரத்துல நிக்கலன்னா என்கிட்ட வா.”

நீங்கள் என்ன செய்தீர்கள்? “பல்லக்கு வருது, ஒதுங்குங்கப்பா!” என்று சிரித்தீர்கள். இதே வாசலில்! இன்று கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறீர்களே, அன்று அந்தக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் இங்கே எத்தனை பேர்?

சங்கத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டுகிற அவருக்குப் ‘புகைவண்டி’ என்று பெயர் வைத்தீர்கள், அவ்வளவு சிகரெட்! “எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வராதுக்கா, என் ஈறு இரும்பு” என்று மார்தட்டினார். “அதாண்ணே எனக்குப் பயமே. புகை, ரத்தத்தை வரவிடாம மறைக்கும்” என்றார் பல்லக்கா. தலைவர் கேட்டாரா? “சுத்தம் பண்ணினா பல் ஆடும்” என்று ஊரெல்லாம் சொன்னார். ஆடுகிற பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தால், குற்றம் காரையை எடுத்தவர் மேலா? தலைவரே, முகத்தைத் திருப்பாதீர்கள். ஏழு பல்லை நானே பிடுங்கினேன்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் பெரிய குற்றவாளி புகைவண்டி அல்ல. நான்.

ஒரு பெண் நடத்துநர் வந்தார். வயது முப்பத்து நான்கு. ஈறெல்லாம் வீங்கி, முன்பல் இரண்டு ஆடியது. வாய் கொப்பளிக்க மருந்து எழுதி அனுப்பினேன். மறுபடி வந்தார், அதே மருந்து. மூன்றாம் முறை வந்தபோது பல்லக்கா என் காதருகே வந்து, “சார், சர்க்கரை பார்த்துடலாமே. இந்த வயசுல இவ்வளவு வேகமா ஈறு கெடக் கூடாது” என்றார்.

வெளியே முப்பது பேர் வரிசை. எனக்குச் சுருக்கென்றது. “நான் டாக்டரா, நீங்க டாக்டரா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“நீங்கதான் சார் டாக்டர். அதான் உங்ககிட்ட சொல்றேன்.”

நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். பல்லக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இரத்தப் பரிசோதனை அறைக்கு நடந்தார். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது! அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். பிழைத்தார். அந்த இரண்டு பல் போனாலும் மற்றவை நின்றன. அதோ, கதவோரம் நிற்கிறார்.

இதற்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? ‘மருத்துவர் உத்தரவின்றிச் செயல்பட்டார்’ என்று பல்லக்கா மீது புகார் எழுதினேன். ஆம்! என் கையால்! அவர் சொன்னது சரியாகிவிட்டது, அது எனக்குப் பொறுக்கவில்லை. நிர்வாகம் ஒரு கேள்வி கேட்டதா? பணிப் பதிவேட்டில் குற்றக் குறிப்பு எழுதி, அவரைப் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் இரண்டு ஆண்டுகள் வேலைக்குப் போட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில், காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் எத்தனையைப் பிடுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் கணவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். “உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசினதில்ல சார். ‘டாக்டர் கெட்டவர் இல்லீங்க, அவருக்கு நேரந்தான் குடுக்க மாட்டேங்கிறாங்க’ன்னுதான் சொல்லும்” என்றார். திட்டியிருக்கலாமே ஐயா! ஓர் அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேனே!

தோழர்களே, சபதம் என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. திங்கட்கிழமை முதல், ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று அளவுக்குச்சியால் சுற்றிப் பார்க்காமல் ஒருவரையும் அனுப்ப மாட்டேன். பத்து நிமிடம் ஆகும். வரிசை நீளும். முணுமுணுக்காமல் நில்லுங்கள்! காலை முறைக்கு வாசலில் நானே நிற்பேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பொது மேலாளர் அவர்களே, நீங்கள் கொண்டுவந்த மாலை பெரியது. ஆனால் அந்தக் குற்றக் குறிப்பு இன்றும் அவர் பதிவேட்டில் இருக்கிறது. என் புகார் தவறு என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். குறிப்பை நீக்கும் உத்தரவுக்கும், இன்னொரு நாற்காலிக்குமான தாள் இதோ, உங்கள் முன்னால் வைக்கிறேன். படிப்பதற்கு நான்கு நிமிடம் போதும்.

எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் கையெழுத்துப் போடும்வரை நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.