ஸ்டோன்மூரின் நாற்பத்தொரு குடும்பங்கள்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் கொர்னேலியஸ் அவர்களே, சங்கத் தலைவர் முத்துவேல் அவர்களே, காந்தலிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இந்த மழையில் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே! வணக்கம்.

நான் சங்கத்தில் பதிவேடு எழுதுபவன். மேடையில் பேசிப் பழகாதவன். நம் தாயகம் திரும்பியோர் சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர் ஜெஸிந்தாவை மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. அவரைப் புகழ்வதற்கு முன் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையிலிருந்து திரும்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விவரத்தை, குடும்பத்துக்கு ஒரு கோப்பாக எழுதியதையும், அதைத் தேடிக் காட்டும் புரோகிராமையும் ஒரே பொதியாகக் கட்டி, ஃபிளாப்பித் தட்டில் கூடலூர் அரசு அலுவலகத்துக்கு அனுப்பினோம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், யார் இருக்கலாம், யார் காலி செய்ய வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கே பிரித்தால் இருநூற்று எழுபத்தொன்று! ஸ்டோன்மூர் தோட்டத்து நாற்பத்திரண்டு குடும்பங்களில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"மத்தவங்க வந்ததுக்கே பதிவு இல்லைங்களே" என்றார் அதிகாரி.

ஜெஸிந்தா சும்மா இருந்தாரா? இரண்டு கோப்புகளைக் கட்டிப் பிரித்தார். மூன்றைக் கட்டிப் பிரித்தார். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார். நம் கணினி பதினான்கு எழுத்துவரை கோப்புப் பெயரை ஏற்கும். பொதி கட்டும் முறையோ எட்டெழுத்தோடு வெட்டிவிடும். தோட்டத்துப் பெயரை முன்னால் வைத்துத்தானே நாம் எவரையும் சொல்வோம்? அந்தப் பழக்கத்திலேயே கோப்புகளுக்கும் நான் பெயரிட்டிருந்தேன். ஸ்டோன்மூர் என்பதே ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து; வெட்டியதும் அந்தத் தோட்டத்துக் கோப்புகள் எல்லாம் ஒரே பெயராகி, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசிக் குடும்பம் மட்டும் நின்றது.

அதிகாரியிடம் என்னைக் காட்டிக் கொடுத்தாரா? இல்லை! "தப்பு எங்க பொதியில சார். ஆளுங்க வந்தது நிஜம்" என்றார்.

கோப்புகளுக்கு எண் போட முனைந்தபோது ஸ்டோன்மூர் மருதாயி விடவில்லை.

"கப்பல்ல ஏத்தையிலயும் நம்பரு. இங்கினயும் நம்பரா புள்ள?"

"நம்பரு உறை மேல மட்டுந்தான் பெரியம்மா. உள்ள தோட்டம், லயம், உங்க பேரு எல்லாம் முழுசா இருக்கும். ஒரு எழுத்த வெட்ட விடமாட்டேன்."

எட்டெழுத்தில் அடங்காதவர் மனிதர் இல்லையா? எந்தச் சட்டம் சொல்கிறது?

திருத்திய ஃபிளாப்பி என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் முடித்துக் கொடுத்தார். "தேதி முடிஞ்சுது, இனி வாங்க மாட்டோம்" என்று கூடலூரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொல்லட்டும்! திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே போகிறேன். அந்த அதிகாரியின் கண்முன்னே பொதியைப் பிரிப்பேன். ஸ்டோன்மூர்க்காரர்கள் எல்லோரும் என் பின்னால் வந்து நில்லுங்கள். திரையில் உங்கள் பெயர் வரும்போது "இருக்கேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். கடைசிப் பெயர் வரும்வரை அந்த அறையை விட்டு நாம் நகரப்போவதில்லை.