பூட்டிய அறையும் புதிய பின்னொட்டும்

அன்பையும் பண்பையும் அள்ளித் தரும் அவைத் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, பணிமனைப் புழுதியில் பொழுதெல்லாம் உழைத்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையை முகத்திலும் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, மௌலா அலித் தமிழ் மன்றத்தின் தூண்களே, அனைவருக்கும் சம்பந்தம் என்னும் இந்த எளியவனின் களைத்த வணக்கம்.

எனக்கு முன்னால் ஆறு பேர் முழங்கிவிட்டார்கள். ஆபாச இணையதளங்களுக்கு, டாட் காம் போல, டாட் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று தனிப் பின்னொட்டு வேண்டுமா, வேண்டாமா? வந்தால் ஒரே வீச்சில் தடுத்துவிடலாம் என்றது ஓர் அணி. வந்தால் அசிங்கத்துக்கு அங்கீகாரம் என்றது மறு அணி. கேட்டுக் கேட்டு என் காதே ஓய்ந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஹைடெக் சிட்டிக்குள் நான் நுழைந்தால் இன்ஜினியர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள். அமெரிக்காக்காரன் இதை யோசிப்பதற்கு முன்பே லாலாகுடா ரயில் பணிமனையில் நான் யோசித்துவிட்டேன். என்ன ஆண்டனி? "நக்கோ, வேண்டாம் அங்கிள், சீக்கிரம் முடிங்க" என்கிறாயா? முடிக்கிறேன் தம்பி. உட்கார எனக்கும் ஆசைதான்.

நாம் இங்கே உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? மன்றத்து முன்னறையில் இணைய மையம் நடத்திய கல்பகத்தைப் பற்றி. அந்த வருமானத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. போன மாதம் தன் மகளின் தேர்வு முடிவைப் பார்க்க நம் தெரு ராஜி அங்கே போனாள். எதையோ தொட்டாள், அழையாத விருந்தாளியாக ஓர் அசிங்கப் பக்கம் திரையில் குதித்தது. ராஜி போட்ட அலறல் செகந்திராபாத் வரை கேட்டு, புறப்பட்ட ரயிலை கார்டு நிறுத்திவிட்டார். சிரிக்காதீர்கள், கார்டே என்னிடம் சொன்னார்.

அன்றே செயற்குழு கூடியது. புதிய பின்னொட்டு வரட்டும், அசிங்கமெல்லாம் அங்கே குடியேறட்டும், அதைத் தடுத்த பிறகு அறையைத் திறக்கலாம், அதுவரை பூட்டு என்று தீர்மானம் போட்டது. நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ரயில்வேக்காரர்கள் போட்ட கணக்கு அது. சரக்கு வண்டிக்கென்று தனி லைன் போட்டால் அது அங்கே போய் நிற்கும். ஏன்? சிக்னல் இருக்கிறது, சிவப்புக் கொடி இருக்கிறது. இணையத்தில் கொடி பிடிப்பது யார்? எதிர்வீட்டு மாப்பிள்ளை நந்தகுமார் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எனக்குத் தெரிந்ததுதான், மரியாதைக்காக அவரையும் கேட்டேன்.

"மாமா, புதுப் பேரு வேணுங்கறவன் வாங்கிக்குவான். டாட் காம்ல இருக்கிற கடைய எவன் காலி பண்ணுவான்? ரெண்டையும் வச்சுக்குவான்."

அப்படியானால், பெருமக்களே, பின்னொட்டு வந்தாலும் பூட்டு, வராவிட்டாலும் பூட்டு. அந்த அணி வென்றாலும் பூட்டு, இந்த அணி வென்றாலும் பூட்டு. எந்த அணி வென்றால் கல்பகம் வீட்டில் சோறு வேகும்?

நேற்று ராஜி என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, பயந்து கத்துனது நான். அதுக்கு அவ பொழப்ப ஏன் பூட்டுனீங்க?" என்றாள். பிரதம மந்திரிக்கே பதில் வைத்திருப்பவன் நான். அவள் கேள்வியை மட்டும் அப்படியே இந்த மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கணினிகளுக்கு நடுவே இருக்கும் மறைப்புப் பலகைகளைக் கழற்றுவோம். திரைகளை வாசலைப் பார்க்கத் திருப்புவோம். தெருவே பார்க்கும்போது எவன் அசிங்கம் பார்ப்பான்? தானாகக் குதிக்கும் பக்கங்களைத் தடுக்க நந்தகுமார் வழி செய்து தருகிறார். பலகை கழற்ற நான் இருக்கிறேன். ரயில் பெட்டியையே ஒற்றைக் கையால் கழற்றியவன்.

எங்கோ ஒரு பெயர் பிறக்கும் வரை இங்கே ஒரு பெண் பட்டினி கிடக்க வேண்டுமா? அமெரிக்காக்காரர்கள் என்ன பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நம் அறையின் சாவி அமெரிக்காவில் இல்லை. தலைவர் அவர்களே, அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. தீர்ப்பை நாளைக்குச் சொல்லுங்கள். சாவியை இப்போதே கல்பகத்திடம் கொடுங்கள். கொடுக்கும்வரை இந்த மைக்கை நான் விடப்போவதில்லை.

இதுவரை கேட்டுக் களைத்த உங்களுக்கு என் நன்றி. இனியும் கேட்கப்போகும் உங்களுக்கு என் வணக்கம்.